கூப்பிடுங்க சாரும் ஒற்றை லாரியும்

உலகத்தில் யாருக்காகவும் எதற்காகவும் காத்திருக்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கூப்பிடுங்க சார். அப்படிப்பட்டவர் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமால் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் லாரிகள் காத்துக் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது. ஏனென்றால் லாரிக்காரர்கள் திட்டியது அவரை அல்ல, என்னை.

நான் அந்தச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பார்க்கிறேன். கப்பலுக்குப் போகிற பெட்டிகளும் கப்பலிலிருந்து வந்த பெட்டிகளும் எங்கள் யார்டில் இறங்கி ஏறிப் போகும். உள்ளே வர இரண்டு வழி, வெளியே போக இரண்டு வழி. நான்குக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் நான். எதிரே உப்பளம். வாசலை ஒட்டி ரோஸ்லின் அக்காவின் டீக்கடை. அதிகம் பேச வராத ஆளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. லாரி வரும், நம்பரை எழுதுவேன், உள்ளே கேட்பேன், விடச் சொன்னால் குறுக்குக் கட்டையைத் தூக்குவேன். வணக்கம்கூடச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கேமரா லாரி நம்பரைத் தானே படித்துவிடும். நான் சரிபார்த்து ‘கேள்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். கேள்வி எங்கேயோ தலைமை அலுவலகத்தில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து ‘விடலாம்’ என்று பதில் வந்தால் திரையில் பச்சை விழும். பச்சையைத் தொட்டால் கட்டை தானே எழும்பும். இதற்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு தாராளம். எனக்கு அது இருந்தது.

தொடக்க நாளன்று வாழைமரம் கட்டி, நான்கு வழியிலும் லாரிகளை வரிசையாக நிறுத்தி வைத்து ஓட்டிக் காட்டினார்கள். பச்சை, பச்சை, பச்சை என்று மளமளவென்று விழுந்தது. மேனேஜர் கைதட்டினார். கைதட்டிய அந்தக் கை மறுநாளே என்னை நோக்கி நீண்டது.

மறுநாள் மத்தியானம் வெயில் கொளுத்துகிற நேரத்தில் ஒரே ஒரு லாரி வந்தது. ‘கேள்’ அமுக்கினேன். திரை வெளுத்தது. நடுவில் ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தப் பொத்தானும் அசையவில்லை. லாரியிலிருந்து செல்லத்துரை இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். உப்பு ஏற்றி வருகிற பழைய டிரைவர். அவன் வாய் அவன் லாரி ஹாரனைவிடப் பெரிது.

“என்ன அண்ணாச்சி, படமா ஓடுது? டிக்கெட் எடுக்கணுமா?”

“நிக்குதுப்பா.”

“நிக்கது எனக்கும் தெரியுது. நான்லா நிக்கேன்! எதையாச்சும் அமுக்கும்.”

“அமுக்கிட்டேன்.”

“அப்ப அமுக்குனதுதான் தப்பு.”

இந்த ஒரு வார்த்தை யார்டு முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அது எழுந்து, கொட்டாவி விட்டு, கண் விழிப்பதற்குள் லாரி வரிசை சாலை வரைக்கும் போய்விடும். தினமும் இதே கதை. மேனேஜர் என் கூண்டுக்கு வெளியே நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அஞ்சாங்கிளாஸ் ஆளுகிட்ட கம்ப்யூட்டரக் குடுத்தா இப்படித்தான் ஆகும். டிகிரி படிச்ச பையன் ஒருத்தனைப் போட்டுட்டு, இவரைப் பின்னால காலிப் பெட்டி அடுக்குற பக்கம் அனுப்பிரலாம்.”

பின்பக்கம் போவது ஒன்றும் தூக்குத் தண்டனை இல்லை. ஆனால் செய்யாத தப்புக்கு எதற்காக ஒருவன் போக வேண்டும்? இதை நான் மேனேஜரிடம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு எல்லாக் கேள்வியும் ஆள் போன பிறகுதான் வாயில் வரும்.

இந்த நிலைமையில்தான் புரோகிராமை எழுதியவரையே கம்பெனி எங்கள் வாசலுக்கு அனுப்பி வைத்தது.

அவர் வந்த காட்சியை மறக்க முடியாது. ஸ்கூட்டரைச் சாலைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் கடையில் தள்ளினார். “பிரேக் பாருங்க. ஆனதும் கூப்பிடுங்க.” நடந்துகொண்டே டீக்கடையில், “ஒரு டீ. ஆனதும் கூப்பிடுங்க.” நடந்துகொண்டே போனில் ஒரு மெஸ்ஸுக்கு, “ஒரு மீன்குழம்புச் சாப்பாடு. ஆனதும் கூப்பிடுங்க.” ஹெல்மெட்டைக் கழற்றாமல் என் கூண்டுக்குள் வந்து, லேப்டாப்பைத் திறந்து எதையோ ஓட விட்டு, அது ஓடி முடிப்பதற்குள் வயரைப் பார்க்கப் பின்பக்கம் போய்விட்டார். இவ்வளவும் நான் மரியாதைக்கு எழுந்து நிற்பதற்குள் நடந்து முடிந்தது.

அவருக்கும் பெயர் உண்டு. கழுத்தில் தொங்குகிற அட்டையில் எழுதியிருந்தது. அட்டை எப்போதும் முதுகுப் பக்கம் பறந்துகொண்டிருக்கும், அதனால் யாரும் படித்ததில்லை. டீ ஆனதும் ரோஸ்லின் அக்கா என்ன சொல்லிக் கூப்பிடுவார், பாவம்? “ஏ கூப்பிடுங்க சாரே! ஆயிட்டு!” என்று சத்தம் போட்டார். மெக்கானிக்கும் அதையே பிடித்துக்கொண்டார். மறுநாள் எங்கள் மேனேஜரே அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் நாசரேத் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சொந்தக் கல்யாணத்தன்றைக்கே கோயில் வாசலில் நின்று, “பொண்ணு கார் வந்ததும் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, பந்தலில் ஜெனரேட்டர் ஏன் இழுக்கிறது என்று பார்க்கப் போன மனிதர் அவர். பெண் வந்தபோது மாப்பிள்ளை கையெல்லாம் கிரீஸ். இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார்.

“அண்ணாச்சி, மனுசன் எங்க வீணாப் போறான் தெரியுமா? காத்துக் கெடக்கதுல. கேளுங்க. கேட்டுட்டு அடுத்த சோலிக்குப் போயிருங்க. ஆனதும் அவனே கூப்பிடுவான். கூப்பிட்டதும் ஓடுங்க. என் புரோகிராமும் அப்படித்தான். கேள்வியக் கேட்டுட்டு வாயப் பாத்துக்கிட்டு நிக்காது. அடுத்த லாரியப் பாக்கும். பதில் வந்தா அதைக் கூப்பிடுவாங்க, ஓடிவந்து வாங்கிக்கிடும். என் புரோகிராம் யாருக்காவும் நிக்காது!”

அவர் இதைச் சொல்லும்போது, அவர் முதுகுக்குப் பின்னால், நான் அப்போதுதான் ‘கேள்’ அமுக்கியிருந்த திரை வெளுத்து, வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் விரலால் காட்டினேன். திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எதையோ அமுக்கிட்டீங்க” என்றார்.

நியாயமா இது? அணைத்துப் போடலாம் என்று கையை நீட்டினேன். “தொடாதீங்க!” என்று பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். “செத்தது எப்படிச் செத்துதுன்னு பாக்கணும். அப்படியே கெடக்கட்டும்.” அவர் பிணத்தைப் புரட்டிப் பார்க்கிற வரையில் வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. கண்ணாடிக்கு வெளியே நின்று செல்லத்துரை கேட்டான்: “அடக்கம் எப்ப சார்? மாலை வாங்கிட்டு வரணும்லா?”

அதற்கப்புறம் சோதனை. இரண்டு கையையும் பயன்படுத்தக் கூடாது, ஒரே விரலால் அமுக்க வேண்டும். அமுக்குவதற்கு முன்னால் எதை அமுக்கப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். என் வீட்டில் சோறு வேண்டும் என்பதையே சத்தமாகச் சொல்லாதவன் நான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு, “கேள் அமுக்கப் போறேன்!” என்று கத்தினேன். வெளியே டிரைவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து, “ஏலே, ஓரமா நில்லுங்கலே! அண்ணாச்சி அமுக்கப் போறாராம்!” என்றார்கள். அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அவர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். டீ குடிக்கிற அழகு தனி. டீ போடுகிற வரை கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். கூப்பிட்டதும் ஓடிவருவார். வந்தபிறகுதான் வேடிக்கை. டம்ளர் விளிம்புவரை நிறைய வேண்டும். “இன்னும் கொஞ்சம்... நுரை கணக்குல சேராதுக்கா... இன்னும் கொஞ்சம்...” என்று டம்ளரை நீட்டியபடி மரம் மாதிரி நிற்பார். பின்னால் டிரைவர்கள் வரிசையாக நிற்பது அவருக்குத் தெரியாது. ரோஸ்லின் அக்கா அடுத்த தடவை பால் காய்ச்சி ஊற்றுகிற வரைக்கும்கூட நின்றிருக்கிறார். நிறைந்த டம்ளரைத் தூக்க முடியாமல் குனிந்து உறிஞ்சுவார்.

பக்கத்து சலூனில் நடந்தது இதைவிட மோசம். முகத்தில் ஒரு பாதி வழித்ததும் பிளேடு மாற்ற வேண்டியிருந்ததாம். “மாத்துனதும் கூப்பிடுங்க” என்று இறங்கி வந்துவிட்டார். அன்று பார்த்து மேனேஜர், கப்பல் கம்பெனியிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரை அழைத்துவந்து புதுக் கம்ப்யூட்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கன்னம் மழுமழுவென்றும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையும், கழுத்தில் சலூன் துணியுமாக இவர் வந்து நின்றார்.

“இவரு?” என்று வெள்ளைச் சட்டைக்காரர் பின்வாங்கினார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “புரோகிராம் எழுதுனவரு.”

இதற்கும் மேனேஜர் கோபப்பட்டது என்மேல்தான்.

கடைசியில், என் விரலை நம்பாமல், சார் தானே என் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் விரலால் ‘கேள்’ அமுக்கினார். திரை வெளுத்தது. வளையம் சுற்றியது. வாழ்க்கையில் நான் யாரையும் குத்திக் காட்டிப் பேசியதில்லை. அன்றைக்கு என்னை அறியாமல் மெதுவாகக் கேட்டுவிட்டேன்: “சார், இப்ப நீங்க எதை அமுக்குனீங்க?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “நியாயமான கேள்விதான் அண்ணாச்சி” என்றார். அந்த நிமிடத்தில் என் விரல் விடுதலையானது. ஆனால் கூண்டுக்குள் மட்டும்தான். மேனேஜரிடம் இதைச் சொல்ல வேண்டுமே! சொல்வதற்கு என்னால் முடியாது. சாரால் முடியும், ஆனால் அவர் மேனேஜர் அறைக்குப் போனால் மேனேஜர் போனில் இருப்பார். “முடிஞ்சதும் கூப்பிடுங்க” என்று வந்துவிடுவார். மேனேஜர் ஏன் கூப்பிடப் போகிறார்?

என் விரல் இல்லையென்றால் வேறு யார்? வயரை எலி கடித்திருக்கும் என்றார். மாற்றினார்கள், நின்றது. உப்புக் காற்று என்றார். எல்லா முனையையும் துடைத்தார்கள், நின்றது. ஆன்டெனாவில் உட்காருகிற காக்கையைச் சந்தேகப்பட்டு, அதை விரட்ட ரோஸ்லின் அக்காவை ஏற்பாடு செய்தார். காக்கை போனது, வளையம் போகவில்லை. பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார்.

“பதில் அனுப்புனீங்களா, இல்லையா?”

அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

“வரலை!”

வந்துவிட்டது, உங்கள் வாசல்வரை வந்துவிட்டது என்றார்கள்.

“வாசல்ல நான்தான நிக்கேன்!” என்று கத்தினார். உண்மையிலேயே எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் டிரைவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். காலையில் நான்கு வழியிலும் லாரி முண்டியடிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் நிற்பதில்லை. மத்தியானம், ஆள் ஓய்ந்த நேரத்தில், தனியாக ஒரு லாரி வந்தால்தான் நிற்கிறது. “கூட்டமா வந்தா விடுது, ஒத்தையில வந்தா நிப்பாட்டுது. என்ன எழவு மிஷினோ!” என்றான் செல்லத்துரை. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு டிரைவரும் தனியாக உள்ளே வரவில்லை. டீக்கடை ஓரம் லாரியை நிறுத்துவது, டீ சொல்வது, நான்கு லாரி சேர்ந்ததும் ஒன்றாக வருவது. “செட்டு சேந்தாச்சா? வாங்கலே போவோம்” என்று கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரி வருவார்கள். கம்ப்யூட்டரும் பச்சை பச்சையாகக் கொட்டியது. ரோஸ்லின் அக்கா இன்னொரு அடுப்பு வாங்கினார்.

சாருக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். காத்திருக்கக் கூடாது என்று பிரசங்கம் செய்தவருடைய புரோகிராம், துறைமுகச் சாலை முழுவதற்கும் காத்திருக்கக் கற்றுக் கொடுத்துவிட்டது. “போங்கய்யா, ஒத்தையில போங்க! நின்னாத்தான என்னன்னு பாக்க முடியும்!” என்று ஒவ்வொரு லாரியாகத் தட்டிக் கெஞ்சினார். “நீரு வேணும்னா நடந்து போரும் சார், பச்சை விழுதான்னு பாப்போம்” என்றார்கள்.

மேனேஜருக்கு இது எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் இரண்டு நாளாக நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை கூண்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா, வேலை போயிரும்னு சொன்னதும் விரல் ஒழுங்கா வேலை செய்யுது. ஆனாலும் நம்ப முடியாது. திங்கக்கிழமை புதுப் பையன் வாரான். நீங்க பின்பக்கம் போயிருங்க.”

சார் அங்கேதான், வாசலுக்கு வெளியே, ஒரு காதில் ஒரு போனும் மறு காதில் இன்னொரு போனுமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டில் ஒன்றைக்கூட இறக்கவில்லை. கேட்டதா, கேட்கவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது. நான் கட்டையைத் தூக்குகிற வேலையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் என் முறை முடிந்து மாற்று ஆள் வந்தார். சாரும் கிளம்பினார். ஸ்கூட்டர் இன்னும் மெக்கானிக் கடையில்தான் இருந்தது. மெக்கானிக் கூப்பிட்டபோதெல்லாம் சார் வேறெங்கோ இருந்ததால், அவர் வெறுத்துப்போய்ப் பிரித்ததைப் பிரித்தபடி விட்டுவிட்டார். அதனால் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோ. உட்கார்ந்தோம். ஆட்டோ நகரவில்லை.

“ஏன் எடுக்கலை?” என்றார் சார்.

“ஆளு வரட்டும் சார்” என்றார் ஆட்டோக்காரர், பீடியைப் பற்றவைத்தபடி.

“நாங்க ஆளு இல்லையா?”

“நீங்க ரெண்டு பேரு. வண்டி நெறையணும்லா.”

“நான் ஏறியாச்சு, உக்காந்தாச்சு. என்னைக் கொண்டுபோயி விடும். அடுத்தவன் வரதுக்கும் எனக்கும் என்னவே சம்பந்தம்?”

“வண்டி நெறையாம எடுக்கது வழக்கம் இல்ல சார்.”

“யாருமே வரலைன்னா?”

“நிப்போம்.”

“எம்புட்டு நேரம்?”

“நெறையுத வரைக்கும். எனக்கென்ன அவசரம்?”

சார் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டோக்காரரைப் பார்த்தார், காலி சீட்டைப் பார்த்தார், தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது. போன் அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு போன் அடித்தது, அதையும் எடுக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கடைசியாக ஒரு மீன்காரம்மா கூடையோடு ஏறி, கூடையை என் மடியில் வைத்தார். வண்டி நிறைந்தது. ஆட்டோக்காரர் பீடியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

“நிறுத்தும்!” என்று கத்தியபடி சார் குதித்தார். யார்டை நோக்கி ஓட ஆரம்பித்தார். அட்டை முதுகில் பறந்தது. நானும் கூடையை மீன்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

“ஏ சார்! இப்பத்தான நெறஞ்சுது! ரெண்டு ஆளு கொறஞ்சுட்டே!” என்று ஆட்டோக்காரர் அலறினார். மீன்காரம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த வாழ்த்துகளைப் பத்திரிகையில் எழுத முடியாது.

நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது சார் லேப்டாப்பைத் திறந்து, ஒரே ஒரு வரியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் ஓடிவிடும் என்கிற மாதிரி.

“அண்ணாச்சி, என் புரோகிராம் கூப்பிட்டதும் ஓடுது. அதுல தப்பில்ல. ஓடிப் போயி, பதில் வந்து விழுத பெட்டியத் தொறக்குது. தொறந்துட்டு, பெட்டி நெறையுத வரைக்கும் அங்கனயே நிக்கி! ‘விடலாம்’னு ஒத்த வார்த்தை உள்ள கெடக்கு. வந்தது போதும்னு எடுத்துட்டு வர வேண்டியதான? வராது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நிக்கி. புரோகிராமுக்குள்ள சோலி பாக்க ஆளு ஒண்ணுதான், அது நின்னா எல்லாம் நின்னதுதான். திரையப் பாக்க நாதி இல்ல, அடுத்த லாரியப் பாக்க நாதி இல்ல!”

எனக்குப் புரிந்தது. கூட்ட நேரத்தில் நான்கு வழிக்கும் கேட்டுவைத்த பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து பெட்டியை நிறைத்துவிடும். ஒற்றை லாரி வந்தால் அதன் பதில் துணைக்கு ஆள் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும், சார் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த மாதிரி.

அப்போது டீயோடு வந்த ரோஸ்லின் அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “யாரு சார் அது, நெறையுத வரைக்கும் நிக்கது? நீங்க டம்ளர நீட்டிக்கிட்டு நிப்பீங்களே, அப்படியா?”

சார் டம்ளரைப் பார்த்தார். விளிம்பிலிருந்து ஒரு விரல் குறைவாக இருந்தது. வாங்கி, அப்படியே குடித்தார்.

வரியை மாற்றினார். எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு, மீதி இருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று அர்த்தமாம். சோதித்துப் பார்க்க ஒற்றை லாரி வேண்டும். டீக்கடையில் செட்டு சேரக் காத்திருந்த செல்லத்துரையைக் கூப்பிட்டார்.

“ஒத்தையிலயா? நான் மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போவணும்” என்றான். சார் கும்பிட்ட பிறகுதான் வந்தான். மாற்று ஆள் நகர்ந்து இடம் விட்டார். நான் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, எல்லா விரலாலும், ஒன்றும் கத்தாமல், அமுக்கினேன். பச்சை. கண் மூடித் திறப்பதற்குள் பச்சை. கட்டை எழும்பியது. செல்லத்துரை அதிர்ச்சியில் லாரியை எடுக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவனை விரட்ட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் ஒரு பையனோடு வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. நான் என் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தப்பு கண்டுபிடிக்கப்பட்டது என்று நானே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு எதுவும் ஆள் போன பிறகுதானே வாயில் வரும்!

சார் அன்று ஸ்கூட்டரை எடுக்கத்தான் வந்திருந்தார். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்தார். கிரீஸ் கையோடு குறுக்கே ஓடிவந்தார். மேனேஜரிடம் பேசவில்லை. அவரிடம் பேசப் போனால்தான் காத்திருக்க வேண்டுமே! நேராகக் கூண்டுக்குள் நுழைந்து, லாரி நம்பர்களைக் கூப்பிடுகிற மைக்கை எடுத்தார்.

“எல்லா டிரைவருக்கும் சொல்லுதேன். இத்தனை நாளா உங்களை நிக்க வச்சது நான்தான். புரோகிராம்ல தப்பு. நான் எழுதுன தப்பு. கேட்டுல இருக்க அண்ணாச்சி விரல் மேல எந்தத் தப்பும் கெடையாது. அவரைத் திட்டுனவங்க அம்புட்டு பேரும் இப்ப ஒரு ஹாரன் அடிங்க!”

அந்தச் சத்தம் கப்பல் வரைக்கும் கேட்டிருக்கும். செல்லத்துரை கையை எடுக்கவே இல்லை. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு, “சரி சரி, உக்காருங்க” என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பையனை மாடியில் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் மேசைக்கு அடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கூச்சப்படுகிற ஒரு மனிதனைப் பற்றித் துறைமுகச் சாலைக்கே மைக் வைத்து அறிவிப்பதற்கு இவர் யார்? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டாரா? நிமிர்ந்து, ஏதாவது சொல்லலாம் என்று நான் நினைத்தபோது அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்துவிட்டார். நன்றி சொல்லக்கூட ஆளுக்கு நேரம் கொடுக்காத மனிதர். ரோஸ்லின் அக்கா, “ஏ கூப்பிடுங்க சாரே, ஆயிட்டு!” என்று கத்தியபோது புகைதான் இருந்தது. அந்த டீயை நான்தான் குடித்தேன்.

சனிக்கிழமை பச்சை விழுந்ததுமே என் போனை வாங்கி, தன் நம்பரைத் தானே போட்டு, ‘கூப்பிடுங்க சார்’ என்று தானே பெயரும் போட்டுக் கொடுத்திருந்தார். “மறுபடி நின்னா கூப்பிடுங்க அண்ணாச்சி” என்றார்.

அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மழையில் நிற்கவில்லை, மின்சாரம் போய் வந்த நாளில் நிற்கவில்லை. மத்தியான வெயிலில் ஒற்றை லாரி வந்தால் வந்த வேகத்தில் பச்சை விழுகிறது. ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று யாருக்கும் போன் செய்து எனக்குப் பழக்கமில்லை. ரோஸ்லின் அக்கா வேறு, “நம்ம சாரு எப்பய்யா வருவாரு?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு லாரிக்காவது, அந்தத் திரை கொஞ்சம் நின்று தொலைத்தால்தான் என்ன?